மத்தள இசைத்துண்டு ஒன்றை 40 நிமிடம் வரை வெட்டுத் தெரியாமல் நீட்டுவது எப்படி?

வாவிக்கரை (மட்டக்களப்பு) கேட்டது:

வணக்கம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் பின்னணி இசை தேவை. விருந்தினருக்கு வாசலில் மாலை போடுவதில் தொடங்கி மேடையில் விளக்கேற்றும் வரை ஓட வேண்டும். அது 20 நிமிடத்திலும் முடியலாம், 40 நிமிடமும் ஆகலாம். கைவசம் இருப்பது நாங்களே ஒலிப்பதிவு செய்த துண்டு: மத்தளம், சல்லரி (கைத்தாளம்), புல்லாங்குழல், அடியில் சுருதிப்பெட்டி. நீளம் 3 நிமிடம் 42 செக்கன். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 96 பீட். மெட்ரோனோம் போடாமல் வாசித்தது. நடுவில் ஒரு பகுதி ஏழு எண்ணிக்கை, மற்றதெல்லாம் நாலு. குரல் இல்லை.

பிளேயரில் ரிப்பீட் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் முடிவு அப்பட்டமாகக் கேட்கிறது, பிறகு ஒரு சின்ன மௌனம் வேறு. அதனால் ஒத்த பீட்டுகளைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முறையை லிப்ரோசா (ஒலியை அலசும் பைதன் நூலகம்) வைத்து பைதனில் எழுதினோம். ஓடுகிறது, ஆனால் தாவும் இடத்தில் சல்லரி அறுந்த மாதிரிக் கேட்கிறது. சில தாவலுக்குப் பிறகு தாளம் இடறுகிறது. சில நேரம் ஏழெட்டுச் செக்கன் துண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. 8 ஜிபி லப்டொப்பில் ஒப்பீடு ஓடும்போது மெமரியும் நிரம்பிவிடுகிறது. எங்கே பிழை?

படுவான்கரை எழுதியது:

மெமரியை முதலில் முடிப்போம், அது லேசான வேலை. நீங்கள் பிரேம் பிரேமாக ஒப்பிடுகிறீர்கள் போலத் தெரிகிறது. லிப்ரோசா இயல்பில் ஒலியைச் செக்கனுக்கு 22050 மாதிரிகளுக்கு இறக்கி, 512 மாதிரிக்கு ஒரு பிரேம் எடுக்கும். 222 செக்கனுக்கு ஏறத்தாழ 9,560 பிரேம். அதை அதனோடே ஒப்பிட்டால் 9 கோடிக்கு மேற்பட்ட எண்கள், ஒரு அட்டவணைக்கே 730 எம்பி. குரோமாவுக்கு (எந்தச் சுரம் ஒலிக்கிறது என்ற அளவு) ஒன்று, எம்எஃப்சிசிக்கு (ஒலியின் நிறத்தைக் காட்டும் அளவு) ஒன்று, கூட்டுத்தொகைக்கு ஒன்று என்று வைத்தால் லப்டொப் மூச்சுத் திணறும். பீட்டுகளைக் கண்டுபிடித்த பிறகு ஒவ்வொரு பீட்டுக்குள்ளும் இருக்கும் பிரேம்களைச் சராசரியாக்குங்கள் (லிப்ரோசாவில் சிங்க் என்ற செயற்கூறு அதற்குத்தான்). 96 வேகத்தில் உங்கள் துண்டில் சுமார் 355 பீட். 355 பெருக்கல் 355, ஒரு எம்பி. முடிந்தது.

மாட்டிக்கொண்டு சுற்றுவதற்கு, இந்த யோசனையைப் பிரபலமாக்கிய இன்ஃபினிட் ஜூக்பொக்ஸ் என்ற இணையத்தளம் என்ன செய்தது என்று பார்ப்பது பயன் தரும். எக்கோ நெஸ்ட் நிறுவனத்தில் இருந்த போல் லமேர் 2012 இல் செய்தது அது. பீட்டுகளை ஒரு வட்டத்தில் அடுக்கி, ஒத்தவற்றுக்கிடையே வளைகோடு போட்டுக் காட்டும். ஒரு பீட்டுக்கு அதிகபட்சம் 4 தாவல். எல்லைத் தூரத்தை (இரண்டு பீட் எவ்வளவு வேறுபட்டாலும் தாவலாம் என்ற அளவை) 10 இல் தொடங்கி ஐந்து ஐந்தாக 80 வரை தளர்த்தும். மொத்த பீட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்குத் தாவும் வழி கிடைத்ததும் நிறுத்திவிடும். தாவத்தக்க பீட் வரும்போதெல்லாம் தாவும் வாய்ப்பு 18 வீதத்தில் தொடங்கி 1.8 வீதமாக ஏறும், உச்சம் 50. தாவியதும் திரும்ப 18 க்கு இறங்கும். கடைசியாகப் பின்னுக்குத் தாவக்கூடிய பீட்டில் மட்டும் வாய்ப்பே பார்க்காது, கட்டாயம் தாவும். அது இல்லாவிட்டால் ஓட்டம் பாட்டின் வாலுக்குள் போய் நின்றுவிடும். உங்கள் நிரலில் அந்தக் கடைசித் தாவல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அந்தக் கணக்கிலும் குறுக்குச் சுற்று வரும். பக்கத்துப் பக்கத்துப் பீட்டுகள் ஒன்றுபோல ஒலிப்பது இயல்பு; அதிலும் அடியில் சுருதிப்பெட்டி ஓடினால் எல்லாமே எல்லாவற்றையும் ஒத்ததாகக் காட்டும். இரண்டு கட்டுப்பாடு போடுங்கள். 32 பீட்டுக்குக் குறைந்த தாவலைத் தூக்கி எறியுங்கள். ஒவ்வொரு தாவலும் எத்தனை முறை பாவிக்கப்பட்டது என்று எண்ணி, குறைவாகப் பாவித்ததையே அடுத்ததாக எடுங்கள். சுருதிப்பெட்டியின் பங்கைக் குறைக்க, ஒவ்வொரு குரோமா வரிசையில் இருந்தும் முழுத் துண்டின் இடைப்பெறுமானத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். நிலையாக நிற்கும் சட்ஜமும் பஞ்சமமும் கழிந்து, குழல் எங்கே நகர்கிறது என்பது மேலே வரும்.

இணையத்தில் இருந்த பழைய தளங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எக்கோ நெஸ்டை 2014 இல் ஸ்பொட்டிஃபை வாங்கியது. பீட் விபரம் தரும் அந்தச் சேவையை 2024 நவம்பர் 27 ஆம் திகதியில் இருந்து புதிய செயலிகளுக்கு மூடிவிட்டார்கள். உங்கள் சொந்த ஒலிப்பதிவு எப்படியும் அங்கே இருக்காது. நீங்கள் போகும் வழிதான் சரியான வழி.

தாளக்கட்டு எழுதியது:

படுவான்கரை அண்ணா சொன்னது கணக்குப் பக்கம். சல்லரி அறுவதும் தாளம் இடறுவதும் வேறு இடத்துப் பிழை.

ஒரு இடத்தைக் கிட்ட வைத்துக் கேளுங்கோ. சல்லரியை மூடாமல் அடித்தால் அதன்ர நாதம் ஒரு பீட்டோட முடியாது, இரண்டு மூன்று பீட்டுக்கு இழுபட்டுக் கிடக்கும். 96 வேகத்தில் ஒரு பீட் 625 மில்லிசெக்கன். இப்ப 120 ஆவது பீட்டுக்குப் பதிலாக 40 ஆவதுக்குத் தாவுறீர்கள் எண்டு வைப்போம். 119 இல் சல்லரி திறந்து அடிபட்டிருக்கு, 39 இல் அடிபடவில்லை. தாவினதும் நாதம் கத்தரித்த மாதிரி நிற்கும். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: 39 இல் அடித்த சல்லரியின்ர வால் 40 க்குள்ள கிடக்கும், ஆனால் நீங்கள் கேட்டு வந்தது 119. யாரும் அடிக்காத சல்லரி காற்றில் இருந்து முளைக்கும். 120 உம் 40 உம் ஒன்றுபோல இருந்தால் மட்டும் போதாது எண்டது இதுக்குத்தான். முன்னுக்கு வந்த நாலு பீட்டையும் பின்னால வாற நாலு பீட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கோ. 116 முதல் 123 வரை ஒரு கட்டு, 36 முதல் 43 வரை ஒரு கட்டு, சோடி சோடியாகத் தூரம் பார்த்துக் கூட்டுங்கோ. அதில் 119–39 சோடிக்கு மற்றதை விட இரண்டு மடங்கு எடை கொடுங்கோ, ஏனெண்டால் வால் அங்கேயிருந்துதான் வருகுது. தாவல்களின் எண்ணிக்கை நன்றாகக் குறையும். குறையட்டும், மிஞ்சுவதுதான் உண்மையான தாவல்.

தாளம் இடறுவது இரண்டு காரணத்தால். முதலாவது, நாலாவது எண்ணிக்கையில் இருந்து இரண்டாவது எண்ணிக்கைக்குத் தாவியிருப்பீர்கள். மத்தளத்தில் வலந்தலைச் சொல் (வலப்பக்க அடி) ஒன்றாக இருந்தாலும் தாளக் கட்டில் அதன் இடம் வேறு. ஜூக்பொக்ஸ் இதுக்கு ஒரு தண்டனை வைத்திருந்தது: தாளக் கட்டில் பீட்டின் இடம் வேறாக இருந்தால் தூரத்தோட 100 ஐக் கூட்டும். எல்லையே 80 எண்டதால அப்படிப்பட்ட தாவல் நடக்காது. லிப்ரோசா உங்களுக்குப் பீட்டைத் தரும், தாளத்தின் தலையை (கட்டின் முதல் அடியை) தராது. நடுவில் ஏழு எண்ணிக்கை வேறு கிடக்கு, எந்த நிரலும் அதில் தடுமாறும். கையால செய்யுங்கோ: ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் துண்டை ஓடவிட்டு, ஒவ்வொரு தலையடியிலும் கண்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லேபல் விழும். 4 நிமிடத் துண்டு, நூறு லேபல் அளவில் வரும். அதை ஏற்றுமதி செய்து நிரலில் ஏற்றி, ஒவ்வொரு பீட்டுக்கும் இரண்டு எண் கொடுங்கோ: கட்டின் நீளம் (4 அல்லது 7), கட்டுக்குள் இடம். இரண்டும் ஒத்தால்தான் தாவலாம். ஏழில் இருந்து நாலுக்குப் போக ஒரேயொரு வழிதான், நீங்கள் வாசித்துப் பதிந்த வழி.

இரண்டாவது காரணம் வேகம் ஏறுவது. மெட்ரோனோம் இல்லாமல் வாசித்தால் கடைசிப் பகுதி எப்படியும் துள்ளும். தொடக்கத்தில் 93, முடிவில் 99 எண்டால் பீட் 645 மில்லிசெக்கனில் இருந்து 606 க்கு வந்திருக்கும். கடைசியில் இருந்து தொடக்கத்துக்குத் தாவினால் ஒரே பீட்டில் 39 மில்லிசெக்கன் இழுபடும், நடந்து வாற ஆளின்ர கால் தடுக்கும். முன்பின் எட்டு பீட்டின் சராசரி நீளத்தை எடுத்து, 1.5 வீதத்துக்கு மேல் வித்தியாசம் எண்டால் அந்தத் தாவலை விடுங்கோ. ஜூக்பொக்ஸும் நீளத்தைப் பார்த்தது, ஆனால் அது பார்த்தது ஒலித்துண்டின் நீளத்தை, பீட்டின் நீளத்தை இல்லை. அதை அப்படியே பார்த்து எழுதினால் இந்தப் பிழை வரும்.

குழலையும் கவனியுங்கோ. வாசிக்க வாசிக்கக் குழல் சூடேறிச் சுருதி கொஞ்சம் மேல போகும். குரோமா அரைச்சுரப் பெட்டிகளாக எண்ணுவதால் சின்ன ஏற்றம் அதுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். நீண்ட குழல் சுரத்தின் நடுவில் தாவவே வேண்டாம், மூச்சு எடுக்கிற இடம் பார்த்துத் தாவுங்கோ.

கல்முனை ஒலி எழுதியது:

தம்பி, மண்டபத்தில ஓட வைக்கிறதுக்கு நேரடியாத் தாவுற நிரல் வேணாம். முதல் நாளே 40 நிமிசத்தையும் ஒரே பைலாக எழுதி வைங்க. அங்க போய்ப் பைதன் ஒரு எச்சரிக்கையோட நிண்டா விருந்தினர் வாசல்ல, மண்டபம் மௌனம். 40 நிமிச வேவ் பைல், 44100, 16 பிட், ஸ்டீரியோ: 423 எம்பி. பென் ட்ரைவில சும்மா கிடக்கும்.

எம்பி3 ஆக்கி ரிப்பீட் போடாதீங்க. நீங்க கேட்ட சின்ன மௌனத்துக்கு அதுவும் காரணம். எம்பி3 ஆக்குற லேம் என்கோடர் தொடக்கத்தில 576 மாதிரி வெறுமை சேர்க்கும், அதைத் திருப்பி ஒலியாக்குற டிகோடர் 529 சேர்க்கும். ரெண்டும் சேர்ந்து 25 மில்லிசெக்கன். வாலிலயும் கடைசி பிரேமை நிரப்ப வெறுமை வரும். சில பிளேயர் இதைக் கழிக்கும், மிக்சரில இருக்கிற யுஎஸ்பி பிளேயர் கழிக்கும் எண்டு நம்பக்கூடாது. அலசலுக்குக் கொடுக்கிறதும் மூல வேவ் பைலாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஒட்டு. உங்கட பீட் நேரம் பிரேம் கணக்கில வந்தது. ஒரு பிரேம் 23 மில்லிசெக்கன். அந்த இடத்திலேயே வெட்டினா மத்தள அடி முன்னயோ பின்னயோ விழும். 44100 மூலப் பைலுக்குப் போய், ரெண்டு அடியிலயும் சுத்தி 100 மில்லிசெக்கன் எடுத்து, ஒண்டை மற்றதுக்கு மேல 30 மில்லிசெக்கன் முன்னும் பின்னும் (அதாவது 1,323 மாதிரி) நகர்த்தி எங்க கூடப் பொருந்துது எண்டு பாருங்க. குறுக்கு ஒப்புறவு எண்டு சொல்றது இதைத்தான். பொருத்தம் கிடைச்ச பிறகு வெட்டை அடியில வைக்காதீங்க, அடிக்கு 10 மில்லிசெக்கன் முந்தி வைங்க. 8 மில்லிசெக்கன் குரொஸ்ஃபேட் (ஒண்டு மங்க மற்றது எழும்புற ஒட்டு) போட்டா, அடி விழுறதுக்குள்ள ஒட்டு முடிஞ்சிரும். அடியிட சத்தம் ஒட்டை மறைச்சிரும்.

குரொஸ்ஃபேட் வளைவும் முக்கியம். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அலை, நல்லாப் பொருந்தி நிக்கிது எண்டா நேர்கோட்டு வளைவு. சமசக்தி வளைவு (ரெண்டு பக்கத்திட சக்தியும் கூட்டினா மாறாம நிக்கிற வளைவு) போட்டா நடுவில 3 டெசிபெல் வீங்கும். ரெண்டும் வேற வேற அலை எண்டாத்தான் சமசக்தி.

சல்லரிக்குத் தாளக்கட்டு சொன்ன தேர்வுக்குப் பிறகும் ஒண்டிரண்டு தாவலில வால் அறுந்தா ஒரு வழி இருக்கு. தாவின பிறகு பழைய பக்கத்தையும் இன்னொரு ட்ராக்கில 400 மில்லிசெக்கன் ஓட விடுங்க, ஆனா 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் வடிகட்டி, மெல்ல மங்க விடுங்க. மத்தளம் கீழ இருக்கிறதால ரெட்டை அடி கேக்காது, சல்லரியிட மினுமினுப்பு மட்டும் தொடர்ந்து போகும். இதை நீட்டிக்கொண்டே போனா அடுத்த பீட்டிட சல்லரி அடி உள்ளுக்கு வந்திரும், கவனம்.

முடிவு பற்றி யாரும் சொல்லல்ல. உங்கட துண்டிட கடைசி 10, 12 செக்கனை, தீர்மானம் வாற இடத்தை, தனிப் பைலாக வெட்டி வைங்க. விளக்குப் பக்கம் விருந்தினர் போனதும் தலையடியில நீண்ட பைலை இறக்கி, மற்றச் சானலில முடிவைத் தட்டுங்க. லப்டொப்பில ரெண்டு பிளேயர் திறந்தாலும் சரி. ஜூக்பொக்ஸிலயும் இதுக்கு ஒரு வழி இருந்தது: ஹெச் விசையை அழுத்தினா தாவுறதை நிறுத்திப் பாட்டை முடிவுக்குக் கொண்டு போகும். நல்ல யோசனை, ஆனா பாட்டில எங்க நிக்கிதோ அங்கிருந்து முழுக்க ஓடித்தான் முடியும், மூணு நிமிசமும் ஆகும். மேடைக்கு அது ஒத்துவராது.

லப்டொப்பில அறிவிப்புச் சத்தம், தூக்கம் ரெண்டையும் நிறுத்துங்க. சார்ஜர் குத்தினா ஹம் வருது எண்டா டிஐ பெட்டி (லப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவில போடுற இணைப்புப் பெட்டி) ஒண்டு போட்டு அதிட கிரவுண்ட் சுவிச்சைத் தூக்குங்க. சார்ஜரிட எர்த் பின்னை எந்தக் காரணத்துக்கும் கழட்டக்கூடாது.

வாவிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. முன்பின் நாலு பீட், தாள இடம், 32 பீட் குறைந்தபட்சம், 1.5 வீதம் எல்லாம் போட்ட பிறகு மிஞ்சியது 11 தாவல். அதில் 9 பின்னுக்கு, 2 முன்னுக்கு. இது 40 நிமிடத்துக்குப் போதுமா? இரண்டு தாவலில் மத்தளம் "த-த்த" என்று இரட்டையாகக் கேட்கிறது.

படுவான்கரை எழுதியது:

11 தாராளம். பைமியூசிக்லூப்பர் என்ற இலவச நிரல் ஒரேயொரு சுற்றைத்தான் வைத்துப் பாட்டை நீட்டுகிறது. அதன் இயல்பு அமைப்பில் சுற்று துண்டின் 35 வீதத்துக்குக் குறையாது. உங்களுக்கு அது 78 செக்கன் ஆகும். பேச்சுச் சத்தம் உள்ள மண்டபத்தில் அதுவே போதும் என்பேன். உங்கள் 11 ஐயும் தனித்தனியாகச் சோதியுங்கள்: தாவலுக்கு முன் 4 செக்கன், பின் 4 செக்கன், 11 சின்னப் பைல். எந்த இடத்தில் ஒட்டு என்று தெரியாதவரிடம் ஹெட்போனில் கொடுத்துக் கேட்க வையுங்கள். ஒட்டுப் போட்டவரின் காது அந்த இடத்தை எதிர்பார்த்தே கேட்கும், அது நல்ல நீதிபதி அல்ல.

இரட்டை அடி வருவது குறுக்கு ஒப்புறவு பக்கத்து அடியைப் பிடித்ததால் இருக்கலாம். விரைவான சொற்கட்டில் இரண்டு அடி 80, 90 மில்லிசெக்கனில் விழும். 100 மில்லிசெக்கன் சாளரத்துக்குள் இரண்டும் அகப்படும். அந்த இரண்டு தாவலுக்கும் சாளரத்தை 40 ஆகவும் நகர்வை 12 ஆகவும் குறையுங்கள். அப்படியும் போகாவிட்டால் அந்த இரண்டையும் கைவிடுங்கள், 9 இருந்தாலும் குறைவில்லை.

பொல்லடி ரசிகன் (அக்கரைப்பற்று) கேட்டது:

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். இதே முறையைப் பொல்லடி (கம்படி ஆட்டம்) பதிவுக்குச் செய்யலாமா? கம்புச் சத்தம், றபான் (கைப்பறை), பாட்டுக் குரல் மூன்றும் கிடக்கு. பிள்ளைகள் பழகிறதுக்கு ஒரே வேகத்தில அரை மணித்தியாலம் ஓடணும். எண்ணிப் பார்த்தா வேகம் 84, லிப்ரோசா 168 எண்டு சொல்லுது.

கல்முனை ஒலி எழுதியது:

168 சொல்றது கம்பால. பீட்டுக்கு நடுவிலயும் கம்பு அடிபடுது, அதிட சத்தம் றபானை விடக் கூர்மையானது. லிப்ரோசா 120 ஐச் சுத்தித்தான் தேடத் தொடங்கும். 84 உம் 168 உம் அதுக்குக் கிட்டத்தட்ட சம தூரம், அதனால கம்பு இழுக்கிற பக்கம் சாயும். தொடக்க வேகத்தை 84 எண்டு நீங்களே கொடுங்க. அதுக்கும் கேக்காட்டி, அடிகளைக் கண்டுபிடிக்கிற படியில மேல் அலைவரிசை எல்லையை 500 ஹேர்ட்ஸ் ஆக்குங்க, கம்பு மறைஞ்சு றபான் மட்டும் நிக்கும். எல்லையை இறக்கினா மெல் பட்டைகளை (நிரல் ஒலியைப் பிரிக்கிற அலைவரிசைப் பட்டைகளை) 128 இலயே விடக்கூடாது, பல பட்டை வெறுமையாகி எச்சரிக்கை வரும். 24 போதும். இந்த வடிகட்டின ஒலி பீட் பிடிக்க மட்டும். ஒப்பிடுறதுக்கும் வெட்டுறதுக்கும் முழு ஒலியை எடுங்க.

தாளக்கட்டு எழுதியது:

குரல் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேணும் காக்கா. ஒரே மெட்டில் இரண்டு அடி பாடியிருந்தால் நிரல் அவற்றை மிக நன்றாகப் பொருந்துது எண்டு காட்டும், ஆனால் சொல் வேறு. நடுவில் தாவினால் முதல் வரியின் பாதியும் மூன்றாம் வரியின் பாதியும் சேர்ந்து பொருளற்ற ஒரு வரி வரும். பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்துவிடுவார்கள். தாவலை வரியின் தொடக்கத்தில், பாடுகிறவர் மூச்செடுக்கும் இடத்தில் மட்டும் அனுமதியுங்கோ. அதையும் லேபல் போட்டே குறிக்கலாம்.

பதிவு வேகம் கூட்டிக்கொண்டே போவதாக இருந்தால் முழுப் பதிவையும் நிரலிடம் கொடுக்க வேண்டாம். 84 இல் நிலையாக நிற்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கோ. அது ஒரு நிமிடத்துக்குக் குறைந்தால், ஏறத்தாழ 84 பீட்தான் இருக்கும், 32 பீட் குறைந்தபட்சத்தை 16 ஆக இறக்குங்கோ. வெட்டும்போது இரண்டு முனையையும் வரித் தொடக்கத்திலேயே வைத்தால், முடிவில் இருந்து தொடக்கத்துக்குப் போகிற ஒரு தாவலாவது நிச்சயம் கிடைக்கும்.